பழைய ஜப்பானிய பைக்கை மீட்டெடுப்பது: ஐம்பதைத் தாண்டித் தொடங்குபவருக்கான முழு வழிகாட்டி

1969-ல் ஹோண்டா சிபி750 வெளிவந்தபோது நான்கு சிலிண்டர் இன்ஜின், முன்சக்கரத்தில் டிஸ்க் பிரேக், செல்ஃப் ஸ்டார்ட் மூன்றும் ஒரே பைக்கில், சாதாரண ஆள் எட்டிப்பிடிக்கக்கூடிய விலையில் வந்து நின்றன. அதே ஆண்டில் கவாஸாகி தன் மூன்று சிலிண்டர் டூ ஸ்ட்ரோக்கான எச்1 பைக்கை இறக்கியது. 1971-ல் தண்ணீரால் குளிரும் சுசுகி ஜிடி750, 1972-ல் 903 சிசி கவாஸாகி இசட்1, 1973-ல் யமஹா ஆர்டி350 என்று அடுத்தடுத்து வந்தன. அந்தப் பைக்குகள் கடந்து போகும்போது நின்று திரும்பிப் பார்த்த பிள்ளைகள் இன்று அறுபதுகளில் இருக்கிறார்கள். குடும்பப் பொறுப்புகள் குறைந்து, கையில் கொஞ்சம் நேரமும் பணமும் சேர்ந்திருக்கும் வயது. பழைய ஆசை தலைதூக்குவதற்கு இதைவிட நல்ல காலம் இல்லை.

ஆனால் இந்தப் பொழுதுபோக்கில் இறங்குபவர்களில் பலர் பைக்கை முடிப்பதில்லை. காரணம் பெரும்பாலும் பணமோ திறமையோ இல்லை, வேலை செய்யும் வரிசைதான். வாங்கிய ஆர்வத்தில் முதல் மாதமே கடைசி நட்டு வரை கழற்றிவிடுகிறார்கள். ஃபிரேம் பெயின்ட் கடைக்குப் போகிறது, இன்ஜின் மேசைமேல் ஏறுகிறது, மற்றதெல்லாம் அட்டைப்பெட்டிக்குள் போகிறது. ஒரு உதிரிபாகத்துக்காக நாலு மாதம் காத்திருந்து திரும்பி வரும்போது எது எங்கே போகும் என்பது மறந்துவிடுகிறது. ஓடாத பைக்குகள் பல அந்தப் பெட்டிகளிலேயே கைமாறிக் கைமாறிப் போகின்றன.

ஆகவே இங்கே சொல்லப்போகும் வரிசை வேறு. முதலில் ஓட வையுங்கள். அடுத்து நிற்க வையுங்கள், அதாவது பிரேக். அப்புறம் சில நூறு கிலோமீட்டர் ஓட்டிப் பாருங்கள். முழுவதும் கழற்றுவதா வேண்டாமா என்ற முடிவைக் கடைசியில் எடுங்கள். வயது கூடிய பிறகு தொடங்குபவருக்கு இது இன்னும் முக்கியம். இரண்டு வருடம் தரையில் குனிந்து வேலை செய்த பிறகு ஒரு நாள் ஓட்டுவதைவிட, ஆறு மாதத்தில் ஓட்டத் தொடங்கிவிட்டு மிச்சத்தை நிதானமாகச் செய்வது மேல்.

படி 1: இன்றைய உடம்புக்கு ஏற்ற பைக்

இருபது வயதில் ஆசைப்பட்ட பைக்கும் இன்று கையாளக்கூடிய பைக்கும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. சிபி750 பெட்ரோல், ஆயில் இல்லாமலே சுமார் 218 கிலோ. இசட்1 அதைவிடச் சற்றுக் கனம். இவற்றை ஓட்டுவது கடினமில்லை, நின்ற இடத்தில் தள்ளுவதும் சென்டர் ஸ்டாண்டில் ஏற்றுவதும்தான் கடினம். மீட்டெடுக்கும் காலத்தில் பைக் பெரும்பாலும் நின்றபடி இருக்கும், நீங்கள்தான் அதை நகர்த்துவீர்கள்.

அடுத்தது முழங்கால். எச்1, ஆர்டி350, யமஹா எஸ்ஆர்500 மூன்றுக்கும் கிக்கர் மட்டும்தான். ஆர்டி350 லேசாக உதைத்தாலே கிளம்பும். 1978-ல் வந்த எஸ்ஆர்500 ஒற்றைச் சிலிண்டர் 499 சிசி, அதற்கு ஒரு முறை இருக்கிறது. டிகம்பிரஷன் நெம்புகோலைப் பிடித்து, ஹெட்டில் இருக்கும் சிறு கண்ணாடி ஜன்னலில் குறி தெரியும்வரை கிக்கரை மெதுவாக இறக்கி, அதன்பிறகு உதைக்க வேண்டும். முறை தெரியாமல் உதைத்தால் கிக்கர் திருப்பி அடிக்கும். முழங்காலில் வலி உள்ளவர்கள் செல்ஃப் ஸ்டார்ட் உள்ளதைப் பாருங்கள்.

முதல் பைக்காக நான் பரிந்துரைப்பது ஹோண்டா சிபி350 ட்வின், 1968 முதல் 1973 வரை வந்தது. 325 சிசி, இரண்டு சிலிண்டர், சுமார் 150 கிலோ, கிக்கரும் செல்ஃப் ஸ்டார்ட்டும் உண்டு. ஏராளமாக விற்ற பைக் என்பதால் உதிரிபாகமும் அனுபவமுள்ள ஆட்களும் உலகெங்கும் கிடைக்கும். நான்கு சிலிண்டர்தான் வேண்டும் என்றால் 1971-ன் சிபி500 ஃபோர் அல்லது 1975-ன் சிபி400எஃப். பின்னதன் நான்கு எக்ஸாஸ்ட் குழாய்களும் வளைந்து ஒன்றாகச் சேரும் அழகுக்கே அதைத் தேடுபவர்கள் உண்டு. முரட்டு ட்வின் பிடிக்குமென்றால் யமஹா எக்ஸ்எஸ்650, கீழ்ப்பகுதி மிக உறுதியான இன்ஜின். சிபி750, இசட்1, எச்1, ஜிடி750 நான்கையும் இரண்டாவது பைக்காக வைத்துக்கொள்ளுங்கள். அவற்றின் விலையும் பாகங்களின் விலையும் கற்றுக்கொள்ளும் காலத்துக்கு ஏற்றவை இல்லை.

வாங்குவதற்கு முன்பே அந்த மாடலின் பாகப் பட்டியலையும் சர்வீஸ் மேனுவலையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பாக எண்ணைப் படிக்கப் பழகிவிட்டால் பாதிச் சிக்கல் தீரும். ஹோண்டா எண்ணில் முதல் ஐந்து இலக்கம் அது என்ன பாகம் என்று சொல்லும், நடு மூன்று எந்த மாடலுக்காக வடிவமைத்தது என்று சொல்லும். 300 என்றால் சிபி750, 323 என்றால் சிபி500 ஃபோர், 333 என்றால் சிபி350 ஃபோர், 377 என்றால் சிபி400எஃப். சிபி400எஃப் பட்டியலில் 333 உள்ள பாகத்தைப் பார்த்தால் அது பழைய 350 ஃபோரிலிருந்து வந்தது, இரண்டுக்கும் பொருந்தும் என்று புரிந்துவிடும். யமஹாவில் மாடல் குறியீடு எண்ணின் தொடக்கத்திலேயே வரும்.

படி 2: வாங்கும்போது எதைப் பார்ப்பது

பளபளப்பைப் பார்க்காதீர்கள், முழுமையைப் பாருங்கள். தேய்ந்த பிஸ்டனுக்கு மாற்று கிடைக்கும். காணாமல் போன பக்க மூடி, சீட், மீட்டர், அசல் சைலன்சர், டேங்க் மூடி இவற்றைத் தேடி அலைவதுதான் பணத்தையும் மாதங்களையும் தின்னும். துரு பிடித்திருந்தாலும் எல்லாம் இருக்கும் பைக், பெயின்ட் அடித்துப் பாதி இல்லாத பைக்கைவிட நல்லது. ஏற்கெனவே யாரோ கழற்றிப் பெட்டியில் போட்டதை முதல் பைக்காக வாங்கவே வாங்காதீர்கள்.

ஃபிரேம் எண்ணையும் இன்ஜின் எண்ணையும் ஆவணத்தோடு ஒப்பிடுங்கள். எண்ணைச் சுற்றி அரம் போட்ட தடமோ வெல்டிங்கோ இருந்தால் விட்டுவிடுங்கள். இங்கே ஒரு குழப்பம் அடிக்கடி வரும். அக்காலத்து ஹோண்டாக்களில் ஃபிரேம் எண்ணும் இன்ஜின் எண்ணும் ஒன்றாக இருக்காது, தொழிற்சாலையிலிருந்தே வேறு வேறாகத்தான் வந்தன. எண் வேறாக இருப்பதாலேயே இன்ஜின் மாற்றியது என்று முடிவு கட்ட வேண்டாம். அது எந்த ஆண்டு வரம்புக்குள் வருகிறது என்று பாருங்கள்.

இன்ஜின் சுற்றுகிறதா? டாப் கியரில் போட்டுப் பின்சக்கரத்தைக் கையால் முன்னும் பின்னும் அசைத்தால் தெரியும். இறுகிப்போன இன்ஜின் என்றால் விலை அதற்கேற்ப இருக்க வேண்டும். சிபி750 பார்க்கப் போனால் முன் ஸ்ப்ராக்கெட் மூடிக்குப் பின்னால் கிராங்க்கேஸில் டார்ச் அடித்துப் பாருங்கள். செயின் அறுந்து அந்த இடத்தை உடைப்பது இந்த பைக்கில் தெரிந்த பிரச்சினை. வெல்டு செய்த தழும்பு இருந்தால் நன்றாகச் செய்ததா, ஆயில் கசிகிறதா என்று பார்த்து முடிவெடுங்கள்.

டேங்க் மூடியைத் திறந்து முகர்ந்து பாருங்கள். கெட்டுப்போன பெட்ரோல் வார்னிஷ் மாதிரி நாறும். அப்படியானால் கார்புரேட்டருக்குள்ளும் அதேதான் இருக்கும்.

படி 3: இடமும் கருவியும்

கருவி என்றதும் முதலில் சொல்ல வேண்டியது திருப்புளி. ஜப்பானிய பைக்கில் இருக்கும் நட்சத்திரத் தலை ஸ்க்ரூக்கள் சாதாரண பிலிப்ஸ் வகை இல்லை, ஜேஐஎஸ் என்ற ஜப்பானியத் தரத்தில் வந்தவை. பல ஸ்க்ரூக்களின் தலையில் ஒரு சிறு புள்ளிக் குழி இருக்கும், அதுதான் அடையாளம். பிலிப்ஸ் திருப்புளி அதில் முழுமையாக உட்காராது. அழுத்தித் திருப்பினால் நழுவி ஏறித் தலையைத் தின்றுவிடும். பழைய இன்ஜின் மூடிகளில் ஸ்க்ரூ தலைகள் சிதைந்து கிடப்பதற்கு இதுவே பெரிய காரணம். ஜேஐஎஸ் திருப்புளி மூன்று அளவில் வாங்குங்கள், கூடவே சுத்தியலால் அடித்தால் திரும்பும் இம்பாக்ட் டிரைவர் ஒன்று. வேறெந்தக் கருவிக்கும் முன் இதற்குச் செலவழியுங்கள்.

மற்றவை நீங்கள் எதிர்பார்ப்பவைதான்: மெட்ரிக் ஸ்பேனர், சாக்கெட், ஃபில்லர் கேஜ், மல்டிமீட்டர், கம்பிரஷன் கேஜ், வெர்னியர், டார்க் ரென்ச். டார்க் ரென்ச் சிறிய அளவுகளைக் காட்டக்கூடியதாக இருக்கட்டும். 6 மி.மீ. போல்ட்டுக்குச் சுமார் 10 நியூட்டன் மீட்டர்தான் வேண்டும். அலுமினிய மரைக்குள் கைக்கணக்கில் இறுக்கினால் மரை பிய்ந்து வரும்.

உடம்புக்கு வருவோம். பைக்கை இடுப்பு உயரத்துக்குத் தூக்கும் லிஃப்ட் மேசை ஆடம்பரம் இல்லை. குனிந்தே வேலை செய்தால் ஒரு மணி நேரத்தில் முதுகு நிறுத்திவிடும், நிமிர்ந்து உட்கார்ந்து செய்தால் மாலை முழுவதும் செய்யலாம். சக்கரம் வைத்த தாழ்வான ஸ்டூல் ஒன்றும், நிழல் விழாமல் இரு பக்கமும் வெளிச்சமும் வேண்டும். கிட்டத்துப் பார்வைக்குக் கண்ணாடி போடுபவர்கள் மேலிருந்து கீழே பார்ப்பதற்கு ஒன்றும், தலைக்கு மேல் இருப்பதைப் பார்ப்பதற்கு ஒன்றும் தனியாக வைத்துக்கொண்டால் கழுத்து தப்பும்.

பழைய ஆயில் தோலுக்குக் கேடு, நைட்ரைல் கையுறை எப்போதும் போடுங்கள். அக்காலத்து பிரேக் ஷூ, பேட், சில கேஸ்கெட்களில் அஸ்பெஸ்டாஸ் இருக்கும். டிரம்மைத் திறந்ததும் காற்றடித்துத் தூசியைக் கிளப்பாதீர்கள், ஈரத்துணியால் துடைத்துக் கட்டிப் போட்டுவிடுங்கள். பெட்ரோல் தொடும் வேலை எல்லாம் காற்றோட்டமான இடத்தில், அருகில் எந்தத் தீச்சுடரும் இல்லாமல், தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில்.

படி 4: இன்ஜினை எழுப்புவது

வருடக்கணக்கில் நின்ற பைக்கைக் கொண்டுவந்ததும் யாரும் கிக்கரை உதைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். முதல் வேலை பிளக்கைக் கழற்றுவது. துளை வழியே சிலிண்டருக்குள் கொஞ்சம் ஆயில் விட்டு ஒரு நாள் விடுங்கள். பிறகு பிளக் இல்லாமலே, டாப் கியரில் பின்சக்கரத்தால் மெதுவாகச் சுற்றுங்கள்.

இறுகியிருந்தால் பொறுமைதான் மருந்து. ஆட்டோமேட்டிக் கியர் ஆயிலும் அசிட்டோனும் சம அளவு கலந்து சிலிண்டரை நிரப்பி ஒரு வாரம் விடுங்கள், குறைந்தால் மேலும் ஊற்றுங்கள். தினமும் சக்கரத்தை முன்னும் பின்னும் லேசாக அசைத்துப் பாருங்கள். மில்லிமீட்டர் அசைந்தால்கூட வெற்றிதான், அதன்பிறகு விட்டுக்கொடுக்கும். கிக்கரில் ஏறி நின்று உடைக்கப் பார்த்தால் கிக்கர் கியரோ பிஸ்டன் ரிங்கோ போகும். இரண்டு மூன்று வாரத்திலும் அசையாவிட்டால் ஹெட்டைக் கழற்றத்தான் வேண்டும்.

சுற்றத் தொடங்கியதும் பழைய ஆயிலை வடித்து, வடிகட்டியை மாற்றிப் புது ஆயில் ஊற்றுங்கள். வடித்த ஆயிலில் உலோகத் துகள் இருக்கிறதா என்று காந்தம் வைத்துப் பாருங்கள். இவை ஆயிலில் நனையும் கிளட்ச் உள்ள இன்ஜின்கள். கார் ஆயிலில் உராய்வைக் குறைக்கும் சேர்மானம் இருந்தால் கிளட்ச் வழுக்கும், டப்பாவில் ஜப்பானிய ஆயில் தரக்குறியான ஜாஸோ எம்ஏ என்று போட்டிருப்பதை வாங்குங்கள். சிபி750-ல் ஆயில் தனித் தொட்டியில் இருக்கும். நீண்ட நாள் நின்றால் அது மெல்லக் கசிந்து கிராங்க்கேஸுக்குள் இறங்கிவிடும். தொட்டி காலியாக இருக்கிறதே என்று மேலே ஊற்றினால் மொத்த அளவு கூடிப்போகும். முதலில் இரண்டு இடத்திலும் வடித்துவிட்டு அளந்து ஊற்றுங்கள்.

பிறகு வால்வ் இடைவெளி, அதாவது வால்வுக்கும் அதைத் தள்ளும் பாகத்துக்கும் நடுவில் உள்ள சந்து. இன்ஜின் முழுக்கக் குளிர்ந்திருக்கும்போது பார்க்க வேண்டும். சிபி750-க்கு இன்டேக் 0.05 மி.மீ., எக்ஸாஸ்ட் 0.08 மி.மீ. மற்ற பைக்குகளுக்கு மேனுவல் சொல்லும்.

கம்பிரஷனை, அதாவது சிலிண்டருக்குள் காற்று அழுந்தும் அளவைப் பார்க்கும்போது ஆக்ஸிலரேட்டரை முழுக்கத் திறந்து வைக்க மறக்காதீர்கள், இல்லாவிட்டால் நல்ல இன்ஜினும் செத்த மாதிரி காட்டும். தனி எண்ணைவிட சிலிண்டர்களுக்கு இடையேயான வித்தியாசம் முக்கியம். பத்து சதவீதத்துக்கு மேல் இருந்தால், குறைந்த சிலிண்டரில் ஒரு தேக்கரண்டி ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். எண் ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வ். ஆனால் வருடக்கணக்கில் நின்ற இன்ஜினில் ரிங் ஒட்டியிருக்கும், சில மணி நேரம் ஓடினால் தானே விடுபடும். முதல் கம்பிரஷனை வைத்து இன்ஜினைப் பிரிக்க வேண்டாம்.

தீப்பொறிக்கு பாயிண்ட்டை, அதாவது பொறியைத் தூண்டும் சிறு ஸ்விட்ச்சைச் சுத்தம் செய்யுங்கள். ஹோண்டா ட்வின், ஃபோர் வகைகளில் இடைவெளி 0.3 முதல் 0.4 மி.மீ., பிளக் இடைவெளி 0.6 முதல் 0.7 மி.மீ. பொறி மஞ்சளாக, மெலிந்து வந்தால் காயிலைக் குறை சொல்வதற்கு முன் மல்டிமீட்டரை எடுங்கள். பேட்டரியில் 12.5 வோல்ட் இருந்து, காயில் முனையில் 11-க்குக் கீழே வந்தால் வழியில் எங்கோ வோல்ட் செத்துப்போகிறது. பெரும்பாலும் அது சாவி ஸ்விட்ச்சின் உள்ளோ ஹேண்டில்பாரில் உள்ள கில் ஸ்விட்ச்சின் உள்ளோ படிந்த களிம்புதான். திறந்து தொடர்புப் புள்ளிகளைச் சுத்தம் செய்தால் பொறி நீலமாகக் குதிக்கும்.

படி 5: கார்புரேட்டரும் டேங்கும்

பழைய பைக் சரியாக ஓடாததற்குக் காரணம் தேடினால் பத்தில் எட்டு முறை இங்கேதான் வந்து நிற்கும் என்பது என் அனுபவம். ஹோண்டாவில் பெரும்பாலும் கெய்ஹின், யமஹா, சுசுகி, கவாஸாகியில் பெரும்பாலும் மிகுனி. இரண்டும் அருமையான வேலைப்பாடு. சுத்தமாக இருந்தால் இன்னும் ஐம்பது வருடம் உழைக்கும்.

ஒரு நேரத்தில் ஒரு கார்புரேட்டரை மட்டும் பிரியுங்கள், மற்றது மாதிரிக்கு இருக்கட்டும். மெதுவான ஓட்டத்தின் கலவையைச் சரிசெய்யும் பைலட் ஸ்க்ரூவைக் கழற்றுவதற்கு முன் மெதுவாக உள்ளே திருகி, எத்தனை சுற்று என்று எண்ணி எழுதுங்கள். அதே ஓட்டத்துக்குப் பெட்ரோல் விடும் சிறு பித்தளைக் குழலான பைலட் ஜெட்டின் துளை முடி அளவுதான். அதற்குள் இரும்புக் கம்பி விடக்கூடாது, துளை பெரிதாகிவிடும். கார்புரேட்டர் கிளீனரில் ஊறவைத்துக் காற்றடியுங்கள். வசதியிருந்தால் அல்ட்ராசோனிக் தொட்டி. வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் வட்டமான ஒளி தெரிய வேண்டும். ஜெட் மட்டும் சுத்தமானால் போதாது, அதற்குப் பின்னால் உடலில் ஓடும் சிறு வழிகளும் திறந்திருக்க வேண்டும். கிளீனரை ஒரு துளையில் பீய்ச்சினால் எந்தத் துளையில் வெளிவருகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ரிப்பேர் கிட் வாங்கினால் அதில் உள்ள ரப்பர் வளையத்தையும் கேஸ்கெட்டையும் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அசல் பித்தளை ஜெட்களைச் சுத்தம் செய்து திரும்பப் போடுங்கள். மலிவு கிட்டில் வரும் ஜெட்டும் ஊசியும் அளவில் சரியாக இருப்பதில்லை. கிட் போட்ட பிறகுதான் பைக் கெட்டுப்போனது என்று தலையைப் பிய்த்துக்கொள்பவர்கள் நிறைய. சிபி350 ட்வின் போன்ற பைக்கில் கார்புரேட்டருக்குள் ரப்பர் டயாஃப்ரம் இருக்கும். அதில் கீறல் இருந்தால் பைக் அரை வேகத்துக்கு மேல் போகாது.

ஹெட்டோடு கார்புரேட்டரை இணைக்கும் ரப்பர் குழாயை வளைத்துப் பாருங்கள். விரிசல் இருந்தால் அங்கே காற்றை இழுக்கும், நீங்கள் எந்த ஸ்க்ரூவைத் திருகினாலும் ஐடில், அதாவது ஆக்ஸிலரேட்டரைத் தொடாதபோது ஓடும் மெதுவான ஓட்டம் நிலையாக நிற்காது. பெட்ரோல் மட்டத்தைக் காக்கும் மிதவையான ஃப்ளோட்டின் உயரம் அளந்து, ஒன்றுக்கு மேற்பட்ட கார்புரேட்டர் இருந்தால் பைக் ஓடத் தொடங்கிய பிறகு வாக்யூம் கேஜ் வைத்து எல்லாவற்றையும் சமன் செய்யுங்கள். இந்த ஒரு வேலைக்குப் பிறகு நான்கு சிலிண்டர் இன்ஜின் ஓடும் சத்தமே மாறிவிடும். அது கேட்க வேண்டிய சத்தம்.

டேங்கில் துரு லேசாக இருந்தால் வெள்ளை வினிகர் அல்லது வெந்நீரில் கரைத்த சிட்ரிக் அமிலம். நிரப்பி ஒரு நாள் வைத்து, வடித்து, சமையல் சோடா கரைத்த நீரால் கழுவி, உடனே காயவைத்து உள்ளே கொஞ்சம் ஆயில் சுழற்றிவிடுங்கள். காயவைப்பதில் தாமதித்தால் கண்முன்னே மறுபடி துருவேறும். துருவேறியது அதிகம் என்றால் கரைசலில் மின்சாரம் விட்டுத் துருவை நீக்கும் மின்பகுப்பு முறை. அதற்கு சாதாரண இரும்புக் கம்பியையே பயன்படுத்துங்கள். துருப்பிடிக்காத எஃகைப் போட்டால் விஷமான குரோமியம் கரைசலில் சேரும். டேங்குக்கு உள்பூச்சு ஓட்டை இருந்தால் மட்டும் போடுங்கள். சரியாக ஒட்டாத பூச்சு பிற்பாடு உரிந்து வந்து கார்புரேட்டரை அடைக்கும்.

முதல் முறை ஸ்டார்ட் செய்ய டேங்கே வேண்டாம். உயரத்தில் தொங்கும் சிறு பெட்ரோல் பாட்டில் போதும்.

படி 6: டூ ஸ்ட்ரோக் வைத்திருப்பவர்களுக்கு

ஆர்டி350, ஜிடி750, எச்1 வாங்கியவர்கள் இதைக் கவனமாகப் படியுங்கள். டூ ஸ்ட்ரோக்கில் கிராங்க்கேஸே காற்றை அழுத்தும் பம்ப். கிராங்கின் இரு முனையிலும் உள்ள ரப்பர் சீல்கள் வருடக்கணக்கில் நின்றதும் கல்லாகிவிடும். மேக்னெட் பக்கச் சீல் கசிந்தால் வெளிக்காற்று நுழைந்து கலவை மெலிந்து, சூடேறி, பிஸ்டன் இறுகும் அல்லது ஓட்டையாகும். கிளட்ச் பக்கச் சீல் கசிந்தால் கியர் ஆயிலை உறிஞ்சி எரிக்கும். வெள்ளைப் புகை நிற்காமல் வரும், கியர் ஆயில் மட்டம் குறைந்துகொண்டே போகும்.

இதைக் கண்டுபிடிக்க அழுத்தச் சோதனை உண்டு. இன்டேக், எக்ஸாஸ்ட் துளைகளை அடைத்து, கைப்பம்பால் ஐந்து ஆறு பிஎஸ்ஐ காற்று ஏற்றி, சில நிமிடம் நிற்கிறதா என்று பார்ப்பது. இறங்கினால் சோப்பு நீர் தடவிக் கசியும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். சோதனை தேறாத இன்ஜினைச் சாலையில் ஓட்டாதீர்கள்.

யமஹாவின் ஆட்டோலூப் போன்ற ஆயில் பம்ப் இருந்தால் அதில் காற்று வெளியேற்றி, கேபிள் குறியைச் சரிபார்க்கும்வரை டேங்கிலேயே பெட்ரோலோடு டூ ஸ்ட்ரோக் ஆயில் கலந்து ஓட்டுங்கள். எச்1, ஜிடி750 கிராங்குகள் துண்டுகளை அழுத்திச் சேர்த்தவை. அதைப் பிரித்து நேராக்குவது நிபுணரின் வேலை.

படி 7: பிரேக், டயர், மிச்ச வயரிங்

பிரேக்கில் சிக்கனம் வேண்டாம். ரப்பர் ஹோஸை மாற்றிவிடுங்கள். வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே வீங்கி வழி அடைந்திருக்கும். காலிப்பரில் பிஸ்டன் ஒட்டியிருந்தால் கிரீஸ் பம்பால் அழுத்தி வெளியே தள்ளலாம். பிஸ்டனில் துருக்குழி இருந்தால் புதுசு போடுங்கள். மாஸ்டர் சிலிண்டரின் அடியில் இரண்டு துளைகள் இருக்கும். அதில் சிறியது ஊசிமுனை அளவு, அது அடைந்தால் பிரேக் பிடித்தபின் விடாது. டாட் 4 வகை பிரேக் ஆயில் ஊற்றுங்கள், சிலிக்கான் வகையான டாட் 5-ஐ இதோடு கலக்கக் கூடாது.

டயரின் பக்கத்தில் நான்கு இலக்கம் இருக்கும், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. மூன்று இலக்கம் மட்டும் இருந்தால் அது 2000-க்கு முந்தியது. பட்டன் எவ்வளவு இருந்தாலும் பழைய டயரைக் கழற்றி எறியுங்கள், டியூபையும் ரிம் டேப்பையும் சேர்த்து.

ஸ்டீயரிங் பேரிங்கில் குழி விழுந்திருந்தால் ஹேண்டில் நடுவில் டக்கென்று உட்காரும். டேப்பர் ரோலர் பேரிங் போடுவது நல்ல மாற்றம். பின் ஸ்விங் ஆர்ம் புஷ்ஷும் ஆடுகிறதா என்று சக்கரத்தைப் பக்கவாட்டில் இழுத்துப் பாருங்கள். செயினும் இரண்டு ஸ்ப்ராக்கெட்டும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

வயரிங்கில் நிறம் தெரிந்தால் பயம் போய்விடும். ஹோண்டாவில் பச்சை எர்த், கறுப்பு சாவி போட்டதும் வரும் மின்சாரம். யமஹாவில் கறுப்பு எர்த், பழுப்பு மின்சாரம். சுசுகியில் கறுப்பில் வெள்ளைக் கோடு எர்த், ஆரஞ்சு மின்சாரம். கவாஸாகியில் கறுப்பில் மஞ்சள் கோடு எர்த், பழுப்பு மின்சாரம். எர்த் இணைப்பு ஒவ்வொன்றையும் உலோகம் தெரியத் தேய்த்து இறுக்குங்கள். பைக் ஓடும்போது பேட்டரியில் 14 முதல் 14.5 வோல்ட் வந்தால் சார்ஜிங் நலம். பாயிண்ட்டுக்குப் பதில் எலக்ட்ரானிக் இக்னிஷன் போட நினைத்தால் போடுங்கள், தப்பில்லை. அசல் பாயிண்ட் தட்டை எண்ணெய் தடவி எடுத்து வையுங்கள்.

படி 8: ஓட்டுங்கள், பட்டியல் எழுதுங்கள்

இப்போது அழகில்லாத, ஆனால் ஓடி நிற்கும் ஒரு பைக் உங்களிடம் இருக்கிறது. ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு ஓட்டுங்கள். இரண்டாவது கியர் நழுவுகிறதா, சூடானதும் ஆயில் எங்கே கசிகிறது, எந்த வேகத்தில் அதிர்கிறது, ஆயில் எவ்வளவு குடிக்கிறது. இதெல்லாம் மேசைமேல் பிரித்து வைத்த இன்ஜின் சொல்லாது. இன்ஜினைத் திறக்க வேண்டுமா என்று இந்தப் பட்டியல் சொல்லும். பல நேரம் திறக்க வேண்டாம் என்றே சொல்லும்.

பெயின்ட்டையும் அப்போதுதான் யோசியுங்கள். தொழிற்சாலைப் பெயின்ட் ஓரளவு இருந்தால் பாலிஷ் செய்து அப்படியே விடுவதே என் விருப்பம். கீறலோடு இருக்கும் அசல் டேங்கை ஒருமுறை உரித்துவிட்டால் திரும்பக் கிடைக்காது. ஆரம்பகால சிபி750 வைத்திருப்பவர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். மணல் வார்ப்பு என்று அழைக்கப்படும் கரடுமுரடான கிராங்க்கேஸ் கொண்ட முதல் 7,414 பைக்குகளுக்கு சேகரிப்பாளர்களிடம் தனி மதிப்பு.

படி 9: கழற்றித்தான் ஆக வேண்டும் என்றால்

ஒவ்வொரு பகுதியையும் கழற்றும் முன் நான்கு கோணத்தில் போட்டோ. வயர், கேபிள் போகும் பாதையை அதிகம் எடுங்கள், கடைசியில் தேடுவது அதைத்தான். போல்ட்டுகளைப் பகுதிவாரியாக ஜிப் பையில் போட்டு, பையின் மேல் எழுதுங்கள். இன்ஜின் மூடி ஸ்க்ரூக்கள் ஒவ்வொன்றும் நீளம் வேறு. அட்டையில் மூடியின் வடிவத்தை வரைந்து, அந்தந்த இடத்தில் துளையிட்டுக் குத்தி வைத்தால் குழப்பமே வராது.

நான்கு சிலிண்டர் 750 இன்ஜின் சுமார் 80 கிலோ. அதைத் தூக்கி எடுக்கவும் வைக்கவும் இளைஞர்களே திணறுவார்கள். சுலபமான வழி இருக்கிறது. வெறும் ஃபிரேமாக வந்ததும் இன்ஜினைப் பக்கவாட்டில் மெத்தைமேல் சாய்த்து வைத்து, லேசான ஃபிரேமை அதன் மேல் இறக்கிப் போல்ட் போட்டு, பிறகு இரண்டு பேராக நிமிர்த்துவது. முதுகைக் காப்பாற்றும் முறை இது, பெயின்ட்டும் கீறாது.

ஃபிரேமுக்குப் பவுடர் கோட்டிங் கொடுத்தால் பேரிங் உட்காரும் இடங்கள், மரைகள், எர்த் புள்ளி, ஃபிரேம் எண் இவற்றை மறைத்துவிட்டு அடிக்கச் சொல்லுங்கள். எண் கோட்டிங்குக்குள் மூழ்கினால் ஆவணச் சிக்கல் வரும். இன்ஜின் பாகங்களை உலர் மணலடிக்கு அனுப்பாதீர்கள். ஒரு துகள் ஆயில் வழியில் தங்கினால் பேரிங் போய்விடும். நீரோடு கலந்து அடிக்கும் முறை அலுமினியத்துக்கு நல்ல தோற்றம் தரும், அதன்பிறகும் ஒவ்வொரு துளையையும் மரையையும் பிரஷ் போட்டுக் கழுவ வேண்டும். போல்ட்டுகளை மொத்தமாக ஜிங்க் பூச்சுக்குக் கொடுங்கள், புதுசு வாங்குவதைவிட அசல் தலைக்குறிகளோடு திரும்பி வரும்.

சில பாகங்களுக்கு நிறுவனங்களே உதவுகின்றன. கவாஸாகி இசட்1-க்கான சிலிண்டர் ஹெட்டை மறுபடி வார்த்து விற்றது. எனவே பழைய பாகம் கிடைக்காது என்று யாராவது சொன்னால் அதோடு நிறுத்தாமல் பாக எண்ணை வைத்து மறுபடி தேடுங்கள்.

பிரித்துச் சேர்த்த இன்ஜினை முதலில் பத்து நிமிடம் ஓட்டி முழுக்க ஆறவிடுங்கள், இப்படி இரண்டு மூன்று தடவை. குளிர்ந்த நிலையில் ஹெட் நட்டுகளையும் வால்வ் இடைவெளியையும் மறுபடி பாருங்கள். சும்மா ஐடிலில் நிறுத்தி வைக்காதீர்கள். ஏற்றி இறக்கி ஓட்டினால்தான் ரிங் போரோடு படியும். முதல் 100 கிலோமீட்டரில் ஆயிலை மாற்றுங்கள், பிறகு 500-ல்.

படி 10: மறுபடி சாலைக்கு

இருபது வருடம் கழித்து ஏறுபவர் முதலில் காலி மைதானத்தில் மெதுவாகத் திரும்பிப் பழக வேண்டும். பயிற்சி வகுப்பு கிடைத்தால் போங்கள். அக்காலத்துத் துருப்பிடிக்காத எஃகு டிஸ்க்குகள் மழையில் முதல் சில நொடி பிடிக்காது, பிறகு திடீரென்று பிடிக்கும். ஈரச் சாலையில் அவ்வப்போது லேசாக பிரேக்கை அழுத்தி டிஸ்க்கைக் காயவைத்துக்கொண்டே போங்கள். டிரம் பிரேக் என்றால் தொடர் இறக்கத்தில் சூடேறி வலுவிழக்கும், இன்ஜின் பிரேக்கை நம்புங்கள். முன்னால் போகும் இன்றைய கார் நிற்கும் தூரத்தில் உங்கள் பைக் நிற்காது, இடைவெளியை இரட்டிப்பாக்குங்கள்.

கிளட்ச் கேபிளுக்கு எண்ணெய் விட்டு வையுங்கள், மூட்டு வலிக்கும் கைக்கு அதுவே பெரிய உதவி. ஒரு மாதத்துக்கு மேல் எடுக்கப்போவதில்லை என்றால் பெட்ரோல் குழாயை மூடி, கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்தை வடித்துவிடுங்கள். பேட்டரியை மெதுவாகச் சார்ஜ் செய்யும் கருவியில் மாட்டிவிட்டு, டேங்கைக் கழுத்துவரை நிரப்பி நிறுத்துங்கள்.